பாப்பி எதிர்ப்பு (செல்டிக் ரசிகர்கள்)

போரில் இறந்த படைவீரர்களின் நினைவாகப் பிரிட்டனில் ஒவ்வொரு நவம்பரிலும் அணியப்படும் சிவப்புப் பாப்பி மலரை, ஸ்காட்லாந்தின் செல்டிக் கால்பந்துக் கழக ரசிகர்களில் ஒரு பிரிவினர் எதிர்த்துவருகின்றனர். 2010 நவம்பர் 6 அன்று, கிளாஸ்கோ நகரின் செல்டிக் பார்க் அரங்கில் அபர்டீன் அணியுடன் நடந்த ஆட்டத்தின்போது விரிக்கப்பட்ட பதாகைதான் இந்த எதிர்ப்பின் மிகவும் அறியப்பட்ட நிகழ்வு. இறந்தவர்களை இழிவுபடுத்தும் செயல் என்று ஒரு தரப்பு இதைக் கண்டித்தது. பேரரசின் கொடுமைகளுக்கு எதிரான குரல் என்று இன்னொரு தரப்பு கொண்டாடியது. இரு தரப்பின் பேச்சிலும் அடிபட்டுப்போன கேள்வி ஒன்று உண்டு: அந்த மலர் யாரை நினைவுகூர்கிறது? இரு உலகப் போர்களில் மாண்டவர்களை மட்டுமா, அல்லது அதன் பிறகு பிரிட்டிஷ் ராணுவம் ஈடுபட்ட எல்லா நடவடிக்கைகளிலும் இறந்தவர்களையுமா? எதிர்ப்பின் வேர் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

மலர் வந்த வழி

சமையலில் சேரும் கசகசாவைத் தரும் செடிக்கு நெருங்கிய உறவான ஒரு காட்டுச் செடியின் பூ இது. பெல்ஜியத்திலும் வடக்குப் பிரான்சிலும் வயல்வெளிகளில் தானாக முளைப்பது. குண்டுகள் கிளறிப்போட்ட மண்ணில் இது ஏராளமாகப் பூத்தது. கனடா ராணுவ மருத்துவரான ஜான் மெக்ரே 1915இல் ஈப்ர நகரருகே எழுதிய கவிதை அதைப் போர்க்களத்தின் மலராக்கியது. அமெரிக்காவின் மொய்னா மைக்கேலும் பிரான்சின் அன்னா கெரீனும் அதை நினைவுச் சின்னமாகப் பரப்பினார்கள். 1921இல் பிரிட்டிஷ் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பு, துணியில் செய்த பாப்பிகளை விற்று நிதி திரட்டத் தொடங்கியது. ஊனமுற்ற வீரர்களுக்கும், கணவனையோ தந்தையையோ இழந்த குடும்பங்களுக்கும் அந்தப் பணம் போனது.

அந்த நிதிக்கு அப்போது வைக்கப்பட்ட பெயர், மேற்கு முனையில் பிரிட்டிஷ் படைகளை நடத்திய தளபதி டக்ளஸ் ஹேக்குடையது. சோம் போரின் பேரிழப்புகளுக்கு அவரைப் பொறுப்பாக்குபவர்கள் பலர் உண்டு. ஸ்காட்லாந்துக்கான பாப்பிகளைச் செய்ய 1926இல் எடின்பரோவில் தனித் தொழிற்கூடம் தொடங்கியவர் அவருடைய மனைவி. ஊனமுற்ற வீரர்களே அங்கே வேலை செய்தார்கள். ஸ்காட்லாந்தின் பாப்பியை இன்றும் பார்த்தவுடன் அடையாளம் காணலாம்: நான்கு இதழ்கள் இருக்கும், இலை இருக்காது. இங்கிலாந்தில் விற்பதற்கு இலை உண்டு.

பாப்பியின்மீது அதிருப்தி செல்டிக் ரசிகர்களிடம் தொடங்கியதல்ல. 1933இலேயே பிரிட்டனின் கூட்டுறவு மகளிர் சங்கத்தினர் வெள்ளைப் பாப்பிகளை விற்றார்கள். போரில் இறந்த எல்லோரையும் நினைக்கவேண்டும், போரே வேண்டாம் என்பதையும் சொல்லவேண்டும் என்பது அவர்கள் கருத்து. சங்கத்தில் பலர் முதல் உலகப் போரில் மகனையோ கணவனையோ பறிகொடுத்தவர்கள்.

செல்டிக்கும் அயர்லாந்தும்

பஞ்சத்துக்குப் பிழைத்துக் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் குடியேறிய ஐரிஷ் கத்தோலிக்கர்களின் கழகம் செல்டிக். அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்திலிருந்து வந்த வால்ஃப்ரிட் என்ற துறவி, ஏழைக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் வேண்டி 1887இல் இதைத் தொடங்கினார். பச்சை வெள்ளைக் குறுக்குக் கோடு போட்ட சட்டையும், அரங்கின்மேல் பறக்கும் அயர்லாந்துக் கொடியும் இந்தப் பிறப்பின் அடையாளங்கள்.

அந்தக் கொடியே ஒருமுறை பெரும் சிக்கலானது. 1952இல் அதை இறக்கச் சொல்லி ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் உத்தரவிட்டது. கழகம் மறுத்தது. லீகிலிருந்தே நீக்கப்படும் நிலை வந்தபோது, பரம எதிரியான ரேஞ்சர்ஸ் கழகம் செல்டிக் பக்கம் நின்றது. செல்டிக் இல்லாத லீகில் நுழைவுச்சீட்டுப் பணம் எவ்வளவு குறையும் என்று அவர்களுக்குத் தெரியும். கொடி இறங்கவில்லை. சின்னங்களுக்காக இந்த நகரத்தின் கால்பந்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

அயர்லாந்துக்காரர்களுக்குப் பிரிட்டிஷ் ராணுவத்தைப் பற்றி இருவேறு நினைவுகள் உண்டு, இரண்டும் உண்மையானவை. முதல் உலகப் போரில் ஏறத்தாழ 2 லட்சம் ஐரிஷ்காரர்கள் பிரிட்டிஷ் சீருடையில் போரிட்டார்கள். செல்டிக் ஆட்டக்காரர் பீட்டர் ஜான்ஸ்டன் 1917 மே மாதம் அராஸ் போரில் கொல்லப்பட்டார். முன்பு செல்டிக்கில் இருந்த வில்லியம் ஆங்கஸ், காயம்பட்டுக் கிடந்த அதிகாரியை எதிரியின் குண்டுமழைக்கு நடுவே மீட்டு வந்ததற்காக 1915இல் விக்டோரியா சிலுவை பெற்றார். ஒரு கண்ணை அங்கே இழந்தார். இந்தப் பெயர்கள் செல்டிக்கின் சொந்த வரலாறு. பாப்பியை எதிர்ப்பவர்கள் இவர்களைத் தாண்டிப் போக முடியாது.

இன்னொரு நினைவு 1920 நவம்பர் 21. டப்ளினின் க்ரோக் பார்க் மைதானத்தில் கேலிக் கால்பந்து ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படையினர் உள்ளே புகுந்து சுட்டார்கள். 14 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் டிப்பரரி அணிக்காக ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் ஹோகன். அன்று காலைதான் ஐரிஷ் குடியரசுப் படை டப்ளினில் பிரிட்டிஷ் உளவாளிகளைக் கொன்றிருந்தது. அதற்குப் பழிவாங்கப் பார்வையாளர்கள் சுடப்பட்டார்கள். விளையாட்டு மைதானமும் பிரிட்டிஷ் படைகளும் அயர்லாந்து நினைவில் இப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது காலகட்டம் இன்னும் அண்மையது. 1969 முதல் 2007 வரை வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ராணுவம் நிறுத்தப்பட்டிருந்தது. ராணுவத்தினர் நூற்றுக்கணக்கானோர் அங்கே கொல்லப்பட்டார்கள். ராணுவத்தின் கையால் ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். 1972 ஜனவரி 30 அன்று டெர்ரி நகரில் உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள்மீது பாராசூட் படைப்பிரிவு சுட்டதில் 13 பேர் அங்கேயே இறந்தனர். காயமடைந்த இன்னொருவர் பின்னர் இறந்தார். ரத்த ஞாயிறு என்று அழைக்கப்படும் அந்த நாளைப் பற்றிய சாவில் விசாரணை அறிக்கை 2010 ஜூன் 15 அன்றுதான் வெளிவந்தது. சுடப்பட்டவர்கள் யாரும் அச்சுறுத்தலாக இருக்கவில்லை என்று அது சொன்னது. பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 38 ஆண்டுகள் தங்கள் பிள்ளைகள்மேல் சுமத்தப்பட்டிருந்த பழியை அந்தக் குடும்பங்கள் அன்றுதான் இறக்கி வைத்தன.

2010 பதாகை

அறிக்கை வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அந்த நிலையில் செல்டிக் சட்டையில் பாப்பி பொறிக்கப்பட்டது. பிரிட்டனின் கால்பந்துக் கழகங்கள் சட்டையில் பாப்பி பொறிப்பது பழைய வழக்கமல்ல, 2000களில் பரவியது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பிரிட்டிஷ் வீரர்கள் இறந்துகொண்டிருந்த காலம் அது. பொறிக்காத கழகங்களை நாளேடுகள் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டத் தொடங்கியிருந்தன.

2006இல் உருவான கிரீன் பிரிகேட் என்ற ரசிகர் குழு, ஆட்டம் முழுக்க நின்றுகொண்டு பாடும் குழு. அவர்கள் தங்கள் பகுதியில் நீண்ட துணிகளில் எழுதிய வாசகங்களை உயர்த்தினார்கள். அயர்லாந்து, ஈராக், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளின் பெயர்களை எழுதி, ரத்தக்கறை படிந்த பாப்பி எங்கள் சட்டையில் வேண்டாம் என்றார்கள். ஆட்டத்தில் செல்டிக் 9-0 என்று வென்றது. ஸ்காட்லாந்து பிரீமியர் லீக் வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய வெற்றி இருந்ததில்லை. ஆனால் மறுநாள் பேச்செல்லாம் அந்தத் துணியைப் பற்றியே இருந்தது. கழக நிர்வாகம் பதாகையைக் கண்டித்தது, பொறுப்பானவர்களை அரங்கில் அனுமதிக்கப்போவதில்லை என்றது.

பதாகையை அது வரிசைப்படுத்திய பெயர்களைக் கொண்டு படிக்கவேண்டும். அதில் ஃபிளாண்டர்ஸ் இல்லை, சோம் இல்லை, நார்மண்டி இல்லை. முதல் உலகப் போரில் மாண்டவர்களை எதிர்த்து அதில் ஒரு சொல்லும் இல்லை. சட்டை தங்களுடையது என்ற உரிமைக்குரலும் அதில் இருந்தது: ஒரு கழகத்தின் சட்டையில் ஒரு சின்னத்தைப் பொறித்தால், அது விரும்பி அணிபவரின் கோட்டில் குத்திய பூவாக இருப்பதில்லை, அந்தக் கழகத்தைச் சேர்ந்த எல்லோர் சார்பாகவும் பேசத் தொடங்கிவிடுகிறது. இந்த வாதம் வலுவானது. பதாகையின் பலவீனம் வேறிடத்தில். போரைத் தொடங்கும் முடிவை எடுத்தவர்கள் அமைச்சர்கள். பாப்பி விற்ற பணம் போவது காலிழந்த சிப்பாய்க்கும் அவன் குடும்பத்துக்கும். ரத்தக்கறை என்ற சொல் இந்த இருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த மாதம் ஆப்கானிஸ்தானில் மகனை வைத்துக்கொண்டு தூங்காமலிருந்த கிளாஸ்கோ தாய்மார்களில் செல்டிக் ரசிகைகளும் இருந்திருப்பார்கள்.

இதே நினைவு நாள் அயர்லாந்தில் வேறொரு காயத்தையும் சுமக்கிறது. 1987 நவம்பர் 8 அன்று வட அயர்லாந்தின் என்னிஸ்கிலன் ஊரில், போர் நினைவுச் சின்னத்தருகே கூடியிருந்த மக்கள் நடுவே ஐரிஷ் குடியரசுப் படை வைத்த குண்டு வெடித்து 11 பேர் இறந்தார்கள். நினைவிழந்து 13 ஆண்டுகள் படுக்கையில் கிடந்த ஒருவர் பின்னர் பன்னிரண்டாமவராக இறந்தார். பாப்பிக்கு எதிரான எந்தச் சொல்லும் அங்குள்ள புராட்டஸ்டன்ட் குடும்பங்களின் காதில் எப்படி விழும் என்பதற்கு இந்த நாளே காரணம்.

கிளாஸ்கோவின் மறுபக்கத்தில் ரேஞ்சர்ஸ் கழகத்தின் ஐப்ராக்ஸ் அரங்கு, ராணுவத்தினரைச் சீருடையோடு அழைத்துப் பெருமைப்படுத்தும் நிகழ்ச்சிகளை நடத்துகிறது. அங்கே பாப்பி பிரிட்டிஷ் ஒன்றியத்தின்மீதான பற்றோடு கலந்து நிற்கிறது. ஒரு பக்கம் உயர்த்திப் பிடிக்கப் பிடிக்க மறுபக்கம் விலகுகிறது. இந்த இழுபறியில் இறந்தவர்கள் இரு தரப்புக்கும் கருவியாகிப் போகிறார்கள் என்பதே இதில் மிக வருத்தம் தரும் விஷயம்.

ஸ்காட்லாந்து அரசு 2012இல் கால்பந்து ஆட்டங்களில் புண்படுத்தும் நடத்தையைக் குற்றமாக்கும் தனிச்சட்டம் கொண்டுவந்தது. அரசியல் பாட்டும் பதாகையும் சாதாரண மக்களுக்குக் குற்றமில்லை, ரசிகனுக்கு மட்டும் குற்றமா என்று செல்டிக் ரசிகர்களோடு பிற கழகங்களின் ரசிகர்களும் கேட்டார்கள். 2018இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது.

ஜேம்ஸ் மெக்ளீன்

எதிர்ப்பின் நிதானமான வடிவம் பார்வையாளர் பகுதியிலிருந்து வரவில்லை, ஆடுகளத்திலிருந்து வந்தது. டெர்ரி நகரின் க்ரெகன் குடியிருப்பில் பிறந்த ஜேம்ஸ் மெக்ளீன், சண்டர்லண்ட் அணிக்கு ஆடியபோது 2012 நவம்பரில் பாப்பி பொறித்த சட்டையை அணிய மறுத்தார். கொலை மிரட்டல்கள் வந்தன. விகன் அணிக்கு மாறியபின், 2014இல் கழகத் தலைவர் டேவ் வீலனுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். இரு உலகப் போர்களில் இறந்தவர்களுக்கு மட்டுமான சின்னமென்றால் தயங்காமல் அணிவேன், ஆண்டு முழுக்கவும் அணிவேன். ஆனால் 1945க்குப் பிந்தைய போர்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. ரத்த ஞாயிறில் இறந்தவர்களில் ஆறு பேர் என் க்ரெகனைச் சேர்ந்தவர்கள். அதை அணிந்தால் அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்பது அதன் சாரம். வீலன் அந்த முடிவை ஏற்றுக்கொண்டார். பாப்பி வழங்கும் அமைப்பும் எல்லாப் போர்களிலும் பணிபுரிந்தவர்களுக்காகவே உழைக்கிறது. ஆக, மெக்ளீன் சின்னத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. அதன் முழுப் பொருளையும் ஏற்றுக்கொண்டே மறுத்தார்.

ஒவ்வொரு நவம்பரிலும் எதிரணி ரசிகர்கள் மட்டுமல்ல, சிலவேளை சொந்த அணி ரசிகர்களும் அவரைத் திட்டினார்கள். 2018இல் ஸ்டோக் அணியில் இருந்தபோது, தன்னைத் திட்டியவர்களைக் கடுமையான சொற்களால் சாடிச் சமூக ஊடகத்தில் எழுதியதற்காக இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் எச்சரிக்கையையும் பெற்றார். அதே ஆண்டு மான்செஸ்டர் யுனைடெட்டின் செர்பிய ஆட்டக்காரர் நெமான்யா மாட்டிச்சும் பாப்பி அணியவில்லை. 1999இல் வ்ரெலோ கிராமத்தில் சிறுவனாக இருந்தபோது அவர் நேட்டோ குண்டுவீச்சை நேரில் உணர்ந்தவர். பிறர் அணிவதைத் தான் மதிப்பதாகவும், தன்னால் முடியவில்லை என்றும் அவர் சொன்னார். மெக்ளீனுக்குக் கிடைத்த வசவோடு ஒப்பிட்டால் அவருக்குக் கிடைத்தது சொற்பம். மறுத்தவர் ஐரிஷ்காரரா வேறு நாட்டவரா என்பதைப் பொறுத்துக் கோபத்தின் அளவு மாறியது என்றே கொள்ளவேண்டியிருக்கிறது.

ஃபிஃபாவின் விதி

பாப்பி அரசியல் சின்னமா என்று சர்வதேச அளவிலும் வழக்காடப்பட்டது. அணிச்சட்டையில் அரசியல் செய்தி கூடாது என்ற விதிப்படி, 2011 நவம்பரில் ஸ்பெயினுடனான ஆட்டத்துக்கு இங்கிலாந்து பாப்பி பொறிக்க ஃபிஃபா மறுத்தது. பிரதமரும் இளவரசர் வில்லியமும் தலையிட்டபின், கைப்பட்டையில் அணியலாம் என்று சமரசம் ஏற்பட்டது. 2016 நவம்பர் 11 அன்று இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வெம்ப்ளியில் மோதியபோது இரு அணிகளும் பாப்பிக் கைப்பட்டையோடு ஆடின. ஃபிஃபா இங்கிலாந்துக்கு 45,000 சுவிஸ் ஃபிராங்கும் ஸ்காட்லாந்துக்கு 20,000 ஃபிராங்கும் அபராதம் விதித்தது. வேல்ஸ், வட அயர்லாந்து அணிகளும் தப்பவில்லை. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின் நூற்றாண்டுச் சின்னத்தை 2016இல் சட்டையில் பொறித்ததற்காக அயர்லாந்துக் குடியரசின் சங்கமும் அபராதம் கட்டியது. ஒரே விதி இரு எதிரெதிர் நினைவுகளையும் ஒரே தட்டில் வைத்தது. 2017இல் விதி தளர்த்தப்பட்டு, எதிரணியும் போட்டி ஏற்பாட்டாளரும் சம்மதித்தால் இப்படிப்பட்ட நினைவுச் சின்னங்களை அணியலாம் என்றானது.

பிற்காலம்

எதிர்ப்பு ஓயவில்லை. பதாகையைவிட மௌன அஞ்சலியே பின்னர் மோதல் களமானது. அறுபதாயிரம் பேர் அமைதியாக நின்றாலும் நூறு பேர் கத்தினால் மௌனம் உடைந்துவிடும். 2024 நவம்பர் 10 அன்று கில்மார்னக் அரங்கில் செல்டிக் ரசிகர்களில் ஒரு பகுதியினர் எழுப்பிய கூச்சலால், நடுவர் அஞ்சலியை ஒரு நிமிடம் முடியுமுன்பே நிறுத்தினார். 2010 பதாகைக்கு ஆதரவாகச் சொன்ன வாதங்கள் எவையும் இங்கே பொருந்தா. அணிய மறுப்பது தன் உடலைப் பற்றிய முடிவு. அடுத்தவர் துக்கத்துக்கு நடுவே கத்துவது அப்படியல்ல.

அயர்லாந்துக் குடியரசிலோ மலரைப் பற்றிய பார்வை மெல்ல இளகியிருக்கிறது. 2017 நவம்பரில் பிரதமர் லியோ வராட்கர், ஐரிஷ் ஷாம்ராக் இலையோடு பாப்பியைச் சேர்த்துச் செய்த சின்னத்தை அணிந்து நாடாளுமன்றத்துக்கு வந்தார். முதல் உலகப் போரில் இறந்த ஐரிஷ் வீரர்களுக்காக மட்டும் உருவாக்கப்பட்டது அது. மெக்ளீன் தன் கடிதத்தில் கேட்டதும் ஏறக்குறைய இப்படியொரு சின்னத்தைத்தான். அவர் 2023 நவம்பரில் அயர்லாந்து அணிக்காகத் தன் 103ஆவது ஆட்டத்தை ஆடி, சர்வதேசக் கால்பந்திலிருந்து விலகினார்.