யார் சித்திரகாரப்புலி?

சித்திரகாரப்புலி என்றொரு பட்டம். ஓவியருள் புலி என்பது பொருள். அதனைச் சூடிக்கொண்டவன் ஓவியம் தீட்டி வயிறு வளர்த்தவன் அல்லன். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவன், முதலாம் மகேந்திரவர்மன். மன்னனும் தூரிகை பிடித்திருக்கலாம், மறுக்கவில்லை நாம். ஆனால், அவன் நாளில் சுண்ணம் அரைத்து, வண்ணம் குழைத்து, சுவரோடு சுவராக நின்றவன் பெயர் என்ன? கல்வெட்டு வாய் திறக்காது. பட்டம், பல்லக்கில் போனவனுக்கு! பாடுபட்டவன் பெயரோ, காற்றோடு!

கள்ளக்குறிச்சியில் பாடம் சொல்லும் நமக்கு இந்தக் கேள்வி எதற்கு? கல்வராயன் மலையிலிருந்து இறங்கிப் படிக்க வரும் பிள்ளைகள், ஓவியம் என்பது அரண்மனைப் பொருள், அயல்நாட்டுப் பொருள் என்றே எண்ணுகின்றனர். ஓவிய வகுப்போ, கணக்கு ஆசிரியர் கேட்டவுடன் கைமாறிப் போகும் வகுப்பு! மைக்கேலாஞ்சலோவின் பெயரைச் சொல்லும் பிள்ளைக்குக் கீழ்வாலை தெரியாது.

எங்கே இருக்கிறது கீழ்வாலை? திருக்கோவிலூரைத் தாண்டி விழுப்புரம் செல்லும் வழியில். மன்னர் பெயர் எதுவும் அறியப்படாத பழங்காலத்து மக்கள், அங்குள்ள பாறையில் செங்காவியால் தீட்டிய உருவங்கள் இன்றும் உள்ளன. விலங்கின் மீது ஒருவன். பறவை முகத்துடன் மனிதர். படகு போன்றதொரு வடிவம். சில கோடுகள், அவ்வளவே! எதை வரைவது என்பதைவிட, எதை விடுவது என்று அறிந்த கை அது. செத்தவரையிலும் ஆலம்பாடியிலும் இத்தகைய பாறை ஓவியங்கள் உண்டு. பாறையைக் கல்லாக மட்டும் காண்பவனுக்கு அவையெல்லாம் சாலைக்குச் சல்லி!

அதே விழுப்புரம் மாவட்டத்துப் பனைமலைக்கு வருவோம். எட்டாம் நூற்றாண்டில் இராசசிம்மன் எடுப்பித்த கோயில். சுண்ணச் சுவரில், ஒரு காலை மடித்து, குடை நிழலில், தலைசாய்த்து நிற்கிறாள் ஒருத்தி. தேவி என்பர். இருக்கட்டும். அவளைத் தீட்டியவன் சாய்ந்து நின்ற ஒரு மானிடப் பெண்ணைக் கூர்ந்து பார்த்தவன் என்பதுதான் மாணவனுக்குப் பாடம். வண்ணம் உதிர்ந்து, இன்று எஞ்சியிருப்பது கொஞ்சமே. தஞ்சைப் பெரிய கோயிலிலோ, சோழர் கால ஓவியத்தின் மீதே நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டிவிட்டனர். அடியில் இருந்ததை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொல்லும்வரை, நாடு அதனை அறியவில்லை.

பழையோரிடம் கற்பது என்றால், பழமையைத் தொழுவதா? அன்று! கே.சி.எஸ். பணிக்கரைப் பாருங்கள். 1850-இல் கைவினைஞரைப் பழக்குவதற்கென அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிக்கு, 1957-இல் முதல்வரானவர் அவர். சாதகக் கட்டங்களின் சாயலை 1963 முதல் தம் ஓவியங்களில் புகுத்தினார். சாதகம் நமக்குக் குப்பை. பணிக்கரும் அதில் பலன் தேடவில்லை, வடிவம் தேடினார்! 1966-இல் அவர் முன்னின்று அமைத்த சோழமண்டல ஓவியர் கிராமத்தில், கலைஞர்கள் கைவினைப் பொருள் விற்றுத் தம் வாழ்வுக்கு வழி தேடிக்கொண்டனர். மன்னன் மானியத்துக்குக் காத்திருக்கவில்லை.

நம் மலைக்குத் தெற்கே பச்சைமலை. அதன் அடிவாரத்துத் துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938-இல் பிறந்த ஆதிமூலம், சென்னை சென்று சிற்பி தனபாலிடம் வழி கேட்டார். ஓவியக் கல்லூரியில் பயின்றார். காந்தியார் நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களைக் கீழ்வாலைக் கோடுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும் நம் பிள்ளைகள்.

அவ்வளவு தொலைவு போக வேண்டாம் என்பார்க்கு, ஊரிலேயே இருக்கிறது பட்டறை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளி எடுக்குமுன் சிற்பி மரப்பலகையில் உருவத்தை வரைகிறார். வாரத்தில் ஒரு பிற்பகல் அவரைப் பள்ளிக்கு அழைத்து, ஆசிரியர் நாற்காலியில் அமர்த்தி, கரும்பலகையில் கோடு இழுக்கச் சொல்ல எந்தச் சட்டம் தடுக்கிறது?