சிலோன் ஈயம்: அணுநிறையின் ஆட்சி முடிந்த இடத்தில் இலங்கைக் கனிமங்கள்

1. எடுத்துக்கொண்ட பொருள்

மட்டக்களப்பில் க.பொ.த. உயர்தரத்துக்கு இரசாயனவியல் எடுக்கும் பிள்ளை முதலில் படிப்பது அணுக்கட்டமைப்பு. தோற்றன், தொம்சன், இரதபோட், போர் என்று பெயர்கள் வரிசையாக வரும். மன்செஸ்டர், கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் என்று ஊர்கள் வரும். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொட்டுக் கட்டி முடித்ததுபோல் இருக்கும். இந்த வரிசையில் பிழையில்லை. ஆனால் ஒரு மூலகத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே நிறையுடையவை என்ற நூறாண்டு நம்பிக்கை எப்படிக் கலைந்தது என்பது அதில் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் கிலோக்கணக்கில் இலங்கைக் கல் கிடக்கிறது. இக்கட்டுரை அந்தக் கல்லைப் பற்றியது.

2. நிறையே அடையாளம்

ஜோன் தோற்றன் 1808இல் தன் நூலை வெளியிட்டபோது அணுவுக்குக் கொடுத்த அடையாளம் அதன் நிறை. அணுவைக் காண முடியாது. சேர்வைகளில் மூலகங்கள் கூடும் விகிதத்தை நிறுத்துப் பார்க்கலாம். மெண்டலீவ் 1869இல் ஆவர்த்தன அட்டவணையை அமைத்ததும் நிறையை வைத்துத்தான். ஆகவே அந்நூற்றாண்டின் தேர்ந்த இரசாயனவியலாளர்கள் தங்கள் வாழ்நாளைத் தராசின் முன்னால் கழித்தார்கள். அணுநிறையின் மூன்றாம் தசமத்தானத்தைத் திருத்துவது அன்று பெரும் புகழ் தரும் வேலை.

பெக்கெரல் 1896இல் யுரேனியத்தின் கதிர்களைக் கண்டார். 1898இல் தோரியமும் கதிர்வீசுவது தெரிந்தது. 1902இல் மொன்றியலில் இரதபோட்டும் பிரெடரிக் சொடியும் தோரியத்தை ஆராய்ந்து, ஒரு மூலகம் தானாகவே இன்னொன்றாக மாறுகிறது என்றார்கள். மாறாத அணு அங்கே போயிற்று. மாறிய பொருளை எப்படி அடையாளம் காண்பது என்ற கேள்வி மட்டும் நின்றது.

3. சப்பிரகமுவாவின் கறுப்புக் கனசதுரங்கள்

இலங்கையின் கனிமவள அளவைக்கு 1903இல் பணிப்பாளராக வந்தவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். லண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்தவர். கலை வரலாற்றாசிரியராகவே இன்று நாம் அவரை அறிவோம். அவருடைய புவிச்சரிதவியலை இளமைக்கால விளையாட்டுபோல் ஒதுக்கிவிடுவது தமிழ் வாசகருக்குப் பழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை.

பலாங்கொடைப் பக்கத்தில் மாணிக்கக் கல்லுக்காகச் சரளையைக் கூடையிலிட்டு ஆற்றுநீரில் அலசுவார்கள். பாரம் குறைந்தது நீரோடு போகும்; பாரமானது அடியில் தங்கும். அப்படித் தங்கிய கறுப்புக் கனசதுரப் பளிங்குகள் 1904இல் குமாரசுவாமியின் கவனத்துக்கு வந்தன. நீரைவிட ஒன்பது மடங்குக்கும் மேல் அடர்த்தி. முதலில் அதை யுரேனினைற்று என்றே எண்ணினார்கள். லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் விண்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது முக்கால் பங்களவு தோரியம் ஒட்சைட்டு என்று தெரிந்தது. தோரியனைற்று என்று பெயரிட்டவரும் அவரே. அக்காலத்தில் வாயு விளக்கின் வெள்ளை வலைக்குத் தோரியம் தேவைப்பட்டது. பேரரசின் நிறுவனம் ஒரு கல்லில் இவ்வளவு அக்கறை கொண்டதற்கு அணுவைப் பற்றிய ஆவல் காரணமல்ல, தெருவிளக்கு வியாபாரம்.

கல்லைச் சூடாக்கினால் ஈலியம் வெளிவந்தது. ஈலியத்தைப் பூமியில் முதலில் இனங்கண்ட வில்லியம் ராம்சே அதனால் இந்தக் கனிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார். அல்பாத் துணிக்கை ஈலியமே என்று இரதபோட்டும் றொய்ட்ஸும் 1909இல் நிறுவிய பின்னரே அந்த வாயு கல்லுக்குள் வந்த வழி தெளிவாயிற்று. தோரியம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக உமிழ்ந்த துணிக்கைகள் பளிங்குக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்திருக்கின்றன.

4. பிரிக்க வராத பொருள்கள்

1904இல் ஒட்டோ ஹான் என்ற ஜெர்மானிய இளைஞர் ராம்சேயிடம் வந்தார். ஆங்கிலம் பழகுவதே அவர் நோக்கம். இலங்கைத் தோரியனைற்றிலிருந்து எடுத்த பேரியம் உப்பை ராம்சே அவரிடம் கொடுத்து, அதிலுள்ள ரேடியத்தைப் பிரிக்கச் சொன்னார். ஹான் பிரித்தபோது ரேடியத்தோடு இன்னொன்றும் வந்தது. தோரியத்தின் குணமுடையது, ஆனால் தோரியத்தைவிடப் பன்மடங்கு உக்கிரமாகக் கதிர்வீசுவது. 1905இல் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயரிட்டார்.

அடுத்த சில ஆண்டுகளில், ரேடியோதோரியத்தைத் தோரியத்தோடு கலந்துவிட்டால் எந்த இரசாயன முறையாலும் மீட்க முடியாது என்பது பல ஆய்வுகூடங்களில் உறுதியானது. திறமைக் குறைவால் பிரிக்க முடியவில்லை என்று சிலர் எண்ணினார்கள். சொடி மறுபக்கமாக யோசித்தார். பிரிக்க முடியாததற்குக் காரணம், இரண்டும் அட்டவணையின் ஒரே கட்டத்தில் இருப்பதுதான். நிறை வேறு, இரசாயனம் ஒன்று. 1913இல் அவர் இவற்றைச் சமதானிகள் என்ற வகைக்குள் கொண்டுவந்தார். அதே ஆண்டில் மோஸ்லி எக்ஸ் கதிர் அளவீடுகளால், மூலகத்தின் வரிசையைத் தீர்மானிப்பது கருவின் ஏற்றம் என்று காட்டினார். நிறை தன் ஆசனத்தை இழக்கத் தொடங்கியது. ஆனால் ரேடியோதோரியம் போன்றவை தராசில் வைக்க முடியாத அளவு சிறியவை. நிறுத்துக் காட்டினாலன்றிப் பழைய இரசாயனவியலாளர்கள் ஒப்பமாட்டார்கள்.

5. இரு கனிமங்கள், இரு ஈயங்கள்

கணக்கு எளிது. யுரேனியம் 238, எட்டு அல்பாத் துணிக்கைகளை, ஒவ்வொன்றும் 4 வீதம், இழந்தால் 206. தோரியம் 232; ஆறு இழந்தால் 208. இரண்டும் ஈயத்தின் கட்டத்தில் வந்து நிற்க வேண்டும். சாதாரண ஈயத்தின் அணுநிறை ஏறத்தாழ 207.2. ஆகவே யுரேனியக் கனிமத்து ஈயம் அதைவிட இலேசாகவும் தோரியக் கனிமத்து ஈயம் பாரமாகவும் இருக்க வேண்டும்.

இலேசான ஈயம் 1914இலேயே கிடைத்துவிட்டது. ஹாவர்டில் தியோடர் ரிச்சட்ஸ் பல நாட்டுக் கனிமங்களின் ஈயத்தை நிறுத்தார். அவர் கண்ட சாதாரண ஈயம் 207.15, இலங்கைத் தோரியனைற்றின் ஈயம் 206.82. இங்கே ஒரு சிக்கல். தோரியம் மிகுந்த கல்லின் ஈயம் பாரமாக அல்லவா இருக்க வேண்டும்? காரணம் கல்லின் கலவையில் இருந்தது. தோரியனைற்றில் யுரேனியமும் கணிசமாக உண்டு. தோரியத்தின் அரைவாழ்வு சுமார் 1,400 கோடி ஆண்டு, யுரேனியத்துடையது சுமார் 450 கோடி. யுரேனியம் அளவில் குறைந்தாலும் விரைவாக ஈயமாகிறது. தோரியத்தின் பங்கை அது மூடிவிடுகிறது. தோரியம் உண்மையில் ஈயத்தில்தான் முடிகிறதா என்று அன்று கேட்டவர்களும் உண்டு.

சொடிக்குத் தேவைப்பட்டது யுரேனியம் மிகக் குறைந்த தோரியக் கனிமம். அதுவும் இலங்கையிலேயே இருந்தது: தோரைற்று. 1914இல் ஹைமன் என்பவரோடு செய்த முதல் முயற்சியில் 208.4 வந்தது, கையில் இருந்த ஈயம் மிகச் சொற்பம். பின்னர் அபர்டீனில் 20 கிலோ சிலோன் தோரைற்றைக் கரைத்து 80 கிராம் அளவு ஈயம் எடுத்தார். அதன் அடர்த்தி சாதாரண ஈயத்தைவிட 0.26 சதவீதம் கூடியிருந்தது. சமதானிகளின் அணுக்கள் ஒரே இடத்தையே அடைப்பதால் அடர்த்தி கூடிய விகிதத்தில் நிறையும் கூடவேண்டும். அப்படிப் பார்த்தால் 207.74. ஆஸ்திரியப் பேரரசின் பெயர்பெற்ற அணுநிறை நிபுணர் ஒட்டோ ஹோனிக்ஷ்மிட் நேரடியாக நிறுத்தபோது 207.77. அது உலகப்போர்க் காலம். இருவரும் எதிரி நாட்டவர். ஒரு தீவின் ஆற்றுச்சரளையில் வந்த இரண்டு கற்கள் தந்த ஈயங்களுக்குள் ஏறத்தாழ ஓர் அலகு வித்தியாசம். இரசாயனச் சோதனையில் இரண்டும் ஈயமே. என் கணிப்பில் இதுவே தோற்றனின் நிறைக்கொள்கைக்கு விழுந்த தீர்க்கமான அடி. பிற்பாடு வந்த கருவிகள் அதை உறுதிசெய்தன. சொடிக்கு 1921ஆம் ஆண்டுக்குரிய இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

6. கிழக்குக் கரையின் பங்கு

இதில் மட்டக்களப்புக்கு உரிமை கோர நான் முனையமாட்டேன். வாவியைச் சூழ்ந்த பாறை விஜயன் தொகுதியைச் சேர்ந்தது. தோரியனைற்று வந்தது மத்திய உயர்நிலத் தொகுதியின் கற்களிலிருந்து. கதிரவெளியிலும் திருக்கோவிலிலும் அகழ்வுச் சர்ச்சைக்குள்ளாகும் கருமணலில் பெரும்பகுதி இல்மனைற்று. அது கதிர்வீசும் கனிமமல்ல. ஊரவர் அஞ்சுவதும் கடலரிப்பையும் நன்னீர் உவராவதையுமே.

காலத்தால் ஒரு தொடர்பு உண்டு. சொடி அபர்டீனில் சிலோன் ஈயத்தை ஆராய்ந்த அதே ஆண்டுகளில், காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமா பெற்று, யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தார். பின்னாளில் சுவாமி விபுலாநந்தரான அவர் 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். குமாரசுவாமியும் அவரும் 1947இல் இரண்டு மாத இடைவெளியில் மறைந்தனர்.

7. கருவுக்குள்

மீதி விரைவாக நடந்தது. அஸ்ற்றன் தன் திணிவு நிறமாலைமானியால் 1927இல் ஈயத்தை 206, 207, 208 என்று பிரித்துக் காட்டினார். சட்விக் 1932இல் நியூத்திரனைக் கண்டார். புரோத்தன் எண்ணிக்கை மாறாமல் நியூத்திரன் எண்ணிக்கை மட்டும் மாறினால் சமதானி. 1938 டிசம்பரில் பெர்லினில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் நியூத்திரனால் தாக்கிய யுரேனியத்தில் ரேடியம் இருக்கும் என்று நினைத்துப் பேரியத்தோடு சேர்த்து வீழ்படிவாக்கினார்கள். அந்த ‘ரேடியம்’ பேரியத்திலிருந்து பிரிய மறுத்தது. ரேடியத்தைப் பேரியத்திலிருந்து பிரிக்கும் வேலையை ஹான் லண்டனில் சிலோன் கல்லின் உப்பில் கற்றிருந்தார். அது எப்படிப் பிரியும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பிரியாதது பேரியமேதான் என்று எழுதினார். யுரேனியக் கரு இரண்டாகப் பிளந்திருக்கிறது என்று லீசா மைட்னரும் ஒட்டோ பிரிஷும் சில நாட்களில் விளக்கினார்கள்.