ஏட்டைப் புரட்டிய ஆசிரியர்

பழமைக்குப் பல்லக்குத் தூக்குவோர் எந்நாட்டிலும் உண்டு. மடங்கள் மாண்புற்று, உழவன் மகிழ்ந்து வாழ்ந்த பொற்காலம் என்று இடைக்காலத்தைப் போற்றியோர் இங்கிலாந்திலும் இருந்தனர். அவர்களிடம் ஆதாரம் எங்கே என்று கேட்டவர் ஜார்ஜ் கார்டன் கோல்ட்டன்.

1858இல் கிங்ஸ் லின் நகரில் பிறந்தார், கேம்பிரிட்ஜில் பயின்றார். திருச்சபையில் குருவானார். மனம் ஒப்பவில்லை, அங்கியைக் களைந்தார், பள்ளி ஆசிரியரானார். பாடம் முடிந்த பின் பழைய ஏடுகளே அவருக்குத் துணை.

மடங்களின் பகைவர் சொன்னதை மட்டும் நம்பி அவர் எழுதினாரா? இல்லை! மடங்களைச் சோதிக்கச் சென்ற பிஷப்புகளே எழுதிவைத்த அறிக்கைகளைப் புரட்டினார். துறவு பேசிய மடங்கள் பண்ணையடிமைகளை வைத்திருந்தன. அடிமை இறந்தால், கொட்டிலின் சிறந்த மாடு பண்ணைக்கு; அடுத்தது கோயில் குருவுக்கு. கண்ணீர் விடும் விதவைக்கு மிஞ்சியது என்ன? 1925இல் வந்த இடைக்காலச் சிற்றூர் பற்றிய அவரது நூல் இக்கொடுமையை விளக்குகிறது.

மடங்களைப் புகழ்ந்து கார்டினல் காஸ்கே எழுதியவற்றை மூல ஏடுகளோடு ஒப்பிட்டார். பிழைகளைப் பட்டியலிட்டு அச்சிட்டார். பதவியின் பெருமை பிழையை மறைக்கவில்லை.

ஐம்பது வயது கடந்த பிறகே, 1911இல், கேம்பிரிட்ஜ் அவரை விரிவுரையாற்ற அழைத்தது. 1919இல் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி தன் ஆய்வறிஞர் குழுவில் அவரைச் சேர்த்தது. 1947இல் மறையும்வரை அவர் பேனா ஓயவில்லை.

அவர் நாத்திகர் அல்லர். ஆயினும் உண்மையை உரைத்தார். பகுத்தறிவு பேசும் நாம் அவரிடம் கற்க வேண்டியது இதுவே: வசை வேண்டாம், சான்று வேண்டும். மாற்றார் ஏட்டைச் சோதிப்போம். மேடையேறுமுன் நம் குறிப்பேட்டையும் சோதிப்போம்!