குடிமைச் சமூகம்: ஜெர்மானியச் சிந்தனையும் திருப்பூரும்

குடும்பத்துக்கும் அரசுக்கும் நடுவே சந்தையும் தொழிலும் சங்கங்களும் இயங்கும் வெளி குடிமைச் சமூகம். இதை அரசிலிருந்து பிரித்து விளக்கியவர் ஜெர்மானிய மெய்யியலாளர் ஹெகல். உரிமை மெய்யியல் பற்றி 1820இல் அவர் வெளியிட்ட நூல், தன் தேவைக்காக உழைக்கும் ஒவ்வொருவரும் மற்றவரைச் சார்ந்தே வாழ்கிறார் என்றது. செல்வம் பெருகும் இடத்திலேயே வறுமையும் குவிவதை அவர் மறைக்கவில்லை. ஒரே தொழில் செய்வோரின் சங்கம் அவர்களுக்கு இரண்டாவது குடும்பமாக நிற்கும் என்று நம்பினார். மார்க்ஸ் இதை ஏற்கவில்லை. அந்த வெளியை ஆள்வது சொத்துடையோரின் நலனே என்று 1843-44இல் எழுதினார்.

இந்த விவாதத்தைத் தமிழகத்தில் உரசிப்பார்க்கத் பனியன் தொழில் ஊரான திருப்பூரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தென்னிந்தியப் பனியன் உற்பத்தியாளர் சங்கம் 1956இலும், ஏற்றுமதியாளர் சங்கம் 1990இலும் உருவாயின. ஆனால் ஹெகல் தனியே நிறுத்திய குடும்பம் இங்கே தொழிலுக்குள்ளேயே இருந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த கவுண்டர்களில் பலர் உரிமையாளர்களானதை ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வுநூல் விரிவாகக் காட்டுகிறது. பங்காளி, மாமன் மச்சான் உறவு தொழிலுக்குக் கைகொடுத்தது. அந்த உறவுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்தக் கை நீளவில்லை.

தொழிலாளரும் சங்கமாகத் திரண்டனர். பஞ்சப்படி கேட்டு 1984இல் நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. இரு தரப்புச் சங்கங்களும் எதிரெதிரே உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுவது இன்று இவ்வூர் வழக்கம்.

நொய்யல் ஆறுதான் கடினமான கேள்வியை எழுப்பியது. சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதி வயல்களையும் கிணறுகளையும் கெடுத்தது. பாதிக்கப்பட்ட உழவர்களுக்குப் பனியன் தொழிலின் எந்தச் சங்கத்திலும் இடமில்லை. ஆயக்கட்டு விவசாயிகள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து உயர் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அவை மீண்டும் இயங்க, கழிவுநீர் சுத்திகரிப்புக்கு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. பட்டறைகளுக்கு ஒரு வழி பிறந்தது. கெட்ட மண் அத்தனை விரைவில் தேறவில்லை. ஹெகலின் சங்கம் தன் உறுப்பினரைத்தான் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சங்கம் யாரைக் காக்கும் என்ற கேள்வி இன்றும் தொடர்கிறது. இப்போது பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் கட்டிங், தையல், செக்கிங் மேசைகளில் பெருமளவில் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, பிகார் அரசே அதிகாரிகளைத் திருப்பூருக்கு அனுப்பி அவர்களிடம் நேரில் விசாரிக்க வேண்டியிருந்தது.