கத்துக்குட்டி என்று ஒரு விளையாட்டு!

ராணிப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்யும் நண்பர் அவர். வீடு, பாலாற்றுக்கு அந்தக் கரையில், ஆற்காட்டில். சமீபத்தில் பார்த்தபோது முகம் தெளிவாக இல்லை.

''பையன் வேலூர்ல பூல் பார்லருக்குப் போறான் சார். முதல்ல திட்டினேன். அப்புறம் ஒருநாள் நானே போய்ப் பார்த்தேன். நல்லாத்தான் ஆடறான். சரி, முறையா கத்துக்கட்டும்னு தோணுச்சு. ரெண்டு பேர் சொல்லித்தர்றேங்கறாங்க. ஒருத்தர் பெரிய போட்டியெல்லாம் ஆடினவராம். அடிச்சா பந்து பறக்குது! இன்னொருத்தர், அங்கே மேஜைக்குத் துணி மாத்தற ஆளு. யார்கிட்டே விடறது?''

''பதில் உங்க தோல் வியாபாரத்துலேர்ந்தே ஆரம்பிக்குது பாய்'' என்றேன். அவர் நம்பவில்லை. நீங்களும் நம்ப மாட்டீர்கள்!

பில்லியர்ட்ஸ் கோலின் ('க்யூ' என்பார்கள்) நுனியைப் பார்த்திருக்கிறீர்களா? சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம் ஒட்டியிருக்கும். அது தோல். இருநூறு வருஷங்களுக்கு முன்பு அது கிடையாது. வெறும் மரக்கட்டை நுனி. பந்தின் நட்டநடுவில் அடித்தால் உண்டு. கொஞ்சம் ஓரத்தில் பட்டால் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இதை மாற்றியவர் ஒரு கைதி. பெயர் மாங்கோ. பிரெஞ்சுப் படையில் கேப்டன். அரசியல் காரணத்துக்காகச் சிறைக்குப் போனார். அங்கே ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை இருந்தது (நம் ஊர்ச் சிறைகளை நினைத்துப் பெருமூச்சு விடாதீர்கள்!). நாளெல்லாம் அதிலேயே கிடந்து, கோல் நுனியில் தோலை ஒட்டிப் பார்த்தார். பந்து சொன்னபடி கேட்டது. சுழன்றது, நின்றது, திரும்பி வந்தது! 1807-ல் அவர் சிறையைவிட்டு வந்தார். 'ஆராய்ச்சி முடியவில்லை, இன்னும் கொஞ்ச நாள் உள்ளேயே இருக்கிறேன்' என்று கெஞ்சியதாக ஒரு கதையும் உண்டு. வெளியே வந்து அவர் அடித்துக் காட்டியதைப் பார்த்தவர்கள், ஏதோ மாந்திரீகம் என்று மிரண்டார்கள்.

மாந்திரீகம் என்று ஜனங்கள் நம்பினால், அதை விற்க ஒருவர் வராமல் இருப்பாரா? வந்தார், இங்கிலாந்தில். பாத் நகரத்தில் பார்ட்லி என்பவரின் பில்லியர்ட்ஸ் அறையில் கார் என்று ஒரு 'மார்க்கர்' வேலை பார்த்தார். பந்தின் பக்கவாட்டில் அடித்தால் அது சுழன்று திசை மாறும் என்பதை முதலாளி பார்ட்லி ஒருநாள் அவருக்குக் காட்டிக்கொடுத்தார். கார் அதைப் பிடித்துக்கொண்டு ஆட்டங்களை அள்ளினார். 'எப்படிய்யா?' என்று கேட்டவர்களிடம் அவர் காட்டியது, மாத்திரை டப்பாவில் அடைத்த ஒரு பொடி. 'முறுக்கும் சாக்குப்பொடி' என்று பேர். டப்பா அரை க்ரௌன், அதாவது எட்டில் ஒரு பவுண்டு. அன்றைக்கு அது சின்னக் காசு இல்லை. கனவான்கள் க்யூவில் வந்து வாங்கினார்கள் (இது வேற க்யூ!). டப்பாவுக்குள் இருந்தது சாதாரண சாக்பீஸ் தூள்தான்.

''அந்தப் பெரிய ஆளு 'இந்த க்யூ வாங்கு, இந்த கிளவுஸ் வாங்கு'ன்னு ஏற்கெனவே பையன்கிட்டே லிஸ்ட் குடுத்துட்டார் சார்'' என்றார் பாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இந்த மேஜை நம் நாட்டுக்கு வந்தது வெள்ளைக்காரப் பட்டாளத்தின் மூட்டை முடிச்சோடு. அவர்கள் முகாம் போட்ட இடத்தில் விளையாட்டும் இருக்கும். 1806 ஜூலை 10, வேலூர்ப் புரட்சி. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு கில்லஸ்பி பாய்ந்து வந்து கோட்டையை மீட்டபோது, பிடிபட்ட நம் சிப்பாய்களை நிறுத்திச் சுட்டது கோட்டைக்குள் இருந்த பந்தாட்டக் களத்துச் சுவரோரம்தான். அது வேறு ஆட்டம், கையால் பந்தைச் சுவரில் அடிப்பது. மழை நாளில் வெளியே போக முடியாத அதிகாரிகளுக்கு பில்லியர்ட்ஸ்.

அப்படி ஒரு மழைக்காலத்தில், 1875-ல், ஜபல்பூரில் பிறந்ததுதான் ஸ்நூக்கர். பெற்றெடுத்தவர் நெவில் சேம்பர்லின். பின்னாளில் ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்ட பிரதமர் இல்லை, இவர் வேறு. அப்போது வயது பத்தொன்பது. பழைய ஆட்டத்தில் சில கலர் பந்துகளைச் சேர்த்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள், விருந்தாளியாக வந்த இளம் அதிகாரி, இங்கிலாந்தில் தான் படித்த ராணுவப் பள்ளியில் முதலாண்டு மாணவனை 'ஸ்நூக்கர்' என்று கேலி செய்வார்கள் என்றார். கத்துக்குட்டி என்று அர்த்தம்! அடுத்த நிமிடமே ஒருவர் சுலபமான பந்தைக் கோட்டைவிட, சேம்பர்லின் ''நீ சரியான ஸ்நூக்கர்!'' என்று கத்தினார். அவர் முகம் சுருங்கியதும், ''இந்த ஆட்டத்துக்கு நாம எல்லாருமே ஸ்நூக்கர்தானே'' என்று சமாதானம் சொன்னார். பேர் ஒட்டிக்கொண்டது.

ஆப்கன் போரில் காயம்பட்ட சேம்பர்லின், 1881-ல் சென்னைப் படைத் தளபதி ராபர்ட்ஸோடு ஊட்டிக்கு வந்தார். ஊட்டி கிளப்பில்தான் விதிகளை ஒழுங்காக எழுதிச் சுவரில் மாட்டினார்கள். 1885-ல் இங்கிலாந்து பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் (தளபதிக்கு உறவில்லை) கல்கத்தா வந்தபோது சேம்பர்லினைச் சந்தித்து, விதிகளைக் கேட்டுக்கொண்டு ஊருக்குப் போனார்.

சேம்பர்லின் பேர் நமக்குத் தெரியும். 1938-ல், எண்பத்திரண்டு வயதில், 'கண்டுபிடித்தது நான்தான்' என்று ஒரு பத்திரிகைக்குக் கடிதமே எழுதிவிட்டார். ஆனால், அந்த ஊட்டி அறையில் பந்து அடுக்கிய மார்க்கரின் பேர்? சரித்திரத்தில் இல்லை. எனக்கு இது உறுத்தும். மார்க்கர் என்பவர் ஸ்கோர் போடுவார், பந்தை எடுத்து வைப்பார், துணியைத் துடைப்பார். ஜோடி கிடைக்காத துரைக்கு எதிரே நின்று ஆடுவார். காலை முதல் இரவு வரை அத்தனை பேரின் தப்பையும் பக்கத்திலிருந்து பார்ப்பவர் அவர் ஒருவர்தான். தோளைத் தூக்குகிறவர் யார், அடிக்கும்போது தலையை ஆட்டுகிறவர் யார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. துரைமார்களில் எத்தனையோ பேர் கற்றுக்கொண்டது அவரிடம்தான். ஆனால், கிளப்பில் அவர் உறுப்பினராக முடியாது.

இன்னொரு கதை. ஆறு முறை உலக சாம்பியனான ஸ்டீவ் டேவிஸ், பையனாக இருந்தபோது அவருக்கு வாத்தியார் அப்பாதான். அப்பாவுக்கு வாத்தியார், ஜோ டேவிஸ் என்ற பழைய சாம்பியன் எழுதிய புத்தகம் (இவர்களும் உறவில்லை!). பிறகு டேவிஸ் போய் நின்றது ஃப்ராங்க் காலன் என்பவரிடம். காலன் யார்? ஃப்ளீட்வுட் என்ற துறைமுக ஊரில் மீன் கடை வைத்திருந்தவர். உலகப் பட்டம் எதுவும் ஜெயித்ததில்லை. ஆனால், கை எங்கே பிசகுகிறது என்று கண்டுபிடிக்கும் கண் இருந்தது. ஏழு முறை உலக சாம்பியனான ஹென்ட்ரியும் இவரிடம் வந்தார்.

''அப்போ பெரிய ஆட்டக்காரர் வேணாங்கறீங்களா?'' என்றார் பாய்.

அப்படியும் சொல்ல முடியாது. நம் வில்சன் ஜோன்ஸ் இருக்கிறாரே. புனேவில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். 1958-ல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். 1964-ல் மறுபடியும். ஆடுவதை நிறுத்திய பிறகு சொல்லிக்கொடுத்தார். 1996-ல் துரோணாச்சார்யா விருது வந்தது. பெங்களூரில் அரவிந்த் சவூர், முன்னாள் தேசிய ஸ்நூக்கர் சாம்பியன். அவர் உருவாக்கிய பையன்தான் பங்கஜ் அத்வானி; 2003-ல் உலக அமெச்சூர் ஸ்நூக்கர் பட்டத்தோடு வந்து நின்றான். இவர்களிடமும் அந்தக் கண் இருந்தது. ஜெயித்த எல்லோருக்கும் அது வருவதில்லை.

இதில் பெற்றோருக்கு ஒரு பயம் இருக்க வேண்டும். முதல் ஆறு மாதத்தில் கை தப்பாகப் படிந்துவிட்டால், பிறகு அழிப்பது பெரும்பாடு. பூல் மேஜை சின்னது. பந்து பெரிசு, குழி அகலம். தப்பு வெளியே தெரியாது. பன்னிரண்டு அடி நீள ஸ்நூக்கர் மேஜைக்குப் போகும்போதுதான் பல்லிளிக்கும்.

''ரெண்டு பேரும் வேற பசங்களுக்குச் சொல்லித்தரும்போது, ஓரமா அரை மணி நேரம் உட்காருங்க. வாத்தியார் கண்ணு பந்து மேலே இருக்கா, பையன் கை மேலே இருக்கான்னு பாருங்க. முக்கால்வாசி நேரம் அவரே அடிச்சுக் காட்டிட்டிருந்தா, டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்த்ததா நினைச்சுட்டு எழுந்து வந்துடுங்க'' என்றேன்.

பத்து நாள் கழித்து போன். துணி மாற்றுகிறவரிடமே விட்டுவிட்டாராம்.

''முதல் நாள் பந்தையே தொட விடலை சார். ஒரு காலி பாட்டிலை மேஜை மேல படுக்கப் போட்டுட்டார். க்யூ நுனி பாட்டில் வாய்க்குள்ளே போயிட்டு, ஓரத்துல இடிக்காம வெளியே வரணுமாம். நூறு தடவை! பையன் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருக்கான்.''

''எத்தனை தடவை இடிச்சுதாம்?''

''தொண்ணூறுக்கு மேலே'' என்றார். ''நான் ஒரு தடவை பண்ணிப் பார்த்தேன். பாட்டிலே கீழே விழுந்துடுச்சு.''