வீட்டு இணைய இணைப்பில் பழுதறிதல்: பாளையங்கோட்டை வட்டாரம்

வீட்டு இணைய இணைப்பில் பழுதறிதல் என்பது, நின்றுபோன இணைப்பின் எந்தக் கண்ணியில் தடை விழுந்திருக்கிறது என்று முறையாகத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை. பாளையங்கோட்டையில் பெருமாள்புரத்திலோ மகாராஜநகரிலோ ஒருவர் ‘நெட் வரமாட்டுக்கு’ என்று சொன்னால், அந்த ஒரே வாக்கியத்துக்குள் பல பழுதுகள் ஒளிந்திருக்கும். கைப்பேசி வைஃபையைப் பிடிக்காமல் இருக்கலாம். பிடித்தும் முகவரி கிடைக்காமல் இருக்கலாம். தெருவில் ஒளியிழை அறுந்திருக்கலாம். மாதக் கட்டணம் முடிந்திருக்கலாம். எங்கோ வெளிநாட்டில் ஒரு தளம் மட்டும் படுத்திருக்கலாம். ஒவ்வொன்றையும் சரிசெய்ய வேண்டிய ஆள் வேறு, இடம் வேறு. ஆகவே ‘ஏன் வரவில்லை’ என்பதற்கு முன்னால் ‘எதுவரை வருகிறது’ என்று கேட்பதே சரியான வரிசை. பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாயின் கடைமடையில் தண்ணீர் வராவிட்டால் வயல்காரர் நேரே அணைக்கட்டுக்கு ஓடுவதில்லை; தன் வயல் மடையைப் பார்ப்பார், அடுத்து மேல்வயலைப் பார்ப்பார், பிறகு கரையோடு மேலேறிப் போவார். தண்ணீர் நிற்கும் கடைசி இடத்துக்கும் அது இல்லாத முதல் இடத்துக்கும் நடுவில்தான் அடைப்பு இருக்கும். வீட்டுக்காரரால் பல பழுதுகளை நீக்க முடியாது. ஆனால் ஏறக்குறைய எல்லாப் பழுதுகளின் இடத்தையும் அவரால் குறுக்கிக் காட்ட முடியும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இந்த வேலை முன்பு இவ்வளவு எளிதாக இருக்கவில்லை. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது தொலைபேசிக் கம்பி வழியாக எண்ணைச் சுழற்றித்தான் உள்ளே நுழைய வேண்டும். 2004-ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலப்பட்டை என்று வரையறுத்தது. அடுத்த ஆண்டு பிஎஸ்என்எல் அந்தச் சேவையைத் தொடங்கியபோதும் பாதை அதே செம்புக்கம்பிதான். (2023 ஜனவரியில்தான் இந்த வரையறை 2 மெகாபிட் ஆனது.) செம்பின் பழுது பெரும்பாலும் அரைகுறையானது. ஐப்பசி மழையில் கம்பத்து இணைப்பில் ஈரம் இறங்கினால் தொலைபேசியில் கரகரப்பு கேட்கும், வேகம் பாதியாகும், இணைப்பு அறுந்து அறுந்து வரும். தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளிப் போகப் போகக் குறிப்பலை மெலியும். எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாத நிலைமை அது. கண்ணாடி இழை வந்த பிறகு இந்த மங்கல் பெரிதும் விலகியது. இழையில் மின்சாரம் ஓடுவதில்லை, ஒளிதான் ஓடுகிறது. பெரும்பாலான பழுதுகளில் ஒளி வந்து சேர்கிறது அல்லது சேரவில்லை, அவ்வளவுதான். எந்த நிலை என்பதை வீட்டுப் பெட்டியே விளக்கெரித்துச் சொல்கிறது. பழுதறிதல் வீட்டுக்காரரின் கைக்கு எட்டியது இந்த மாற்றத்தால்தான்.

அந்த விளக்குகளைப் படிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஒளியிழையை வாங்கி இணையமாக மாற்றித் தரும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். பல வீடுகளில் ரூட்டரும் அதே பெட்டிக்குள் இருக்கும். ‘பவர்’ விளக்கு எரியாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது 12 வோல்ட் அடாப்டரை. ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ பெட்டிக்குள் ஒளியே வரவில்லை என்று பொருள். வீட்டுக்குள் இழை மடங்கியிருக்கலாம், இல்லையேல் வெளியே அறுந்திருக்கும். ‘பிஓஎன்’ விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கிக்கொண்டே இருந்தால், ஒளி வந்தும் நிலையத்து எந்திரம் இந்தப் பெட்டியை ஏற்கவில்லை. இரண்டும் சரியாக இருந்து ‘இன்டர்நெட்’ விளக்கு மட்டும் அணைந்திருந்தாலோ சிவந்திருந்தாலோ, பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கும் கட்டத்தில் தடை: கணக்கு காலாவதியாகியிருக்கும், அல்லது பெட்டியின் அமைப்பு அழிந்திருக்கும். எல்லா விளக்கும் பச்சையாக இருந்தால் தெருவைக் குறை சொல்ல முதலில் காரணமில்லை. தேடலை வீட்டுக்குள் திருப்ப வேண்டும். பெட்டிக்குப் பெட்டி விளக்கின் பெயரும் நிறமும் சற்று மாறும் என்பதால், எல்லாம் நன்றாக ஓடும் நாளில் விளக்குகளை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது பின்னால் பெரிதும் உதவும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அணைத்துப் போட்டாலே பாதி சரியாகிவிடுகிறதே, இத்தனை ஆராய்ச்சி எதற்கு? அணைத்துப் போடுவது பலன் தருவது உண்மை. நினைவகம் நிரம்பித் திணறும் ரூட்டரும், நிலையத்தோடு தொடர்பு சிக்கி நிற்கும் பெட்டியும் புதிதாகத் தொடங்கும்போது சீராகின்றன. ஆனால் அணைத்தவுடன் விளக்குகள் சொன்ன சாட்சியம் அழிகிறது. பெட்டிக்கு மின்சாரம் நிற்கும் நொடியில், மிச்சமிருக்கும் மின்னேற்றத்தைக் கொண்டு ‘எனக்குக் கரண்ட் போகிறது’ என்ற கடைசிச் செய்தியை நிலையத்துக்கு அனுப்பும் ஏற்பாடு ஜிபான் என்ற ஒளியிழைத் தரத்தில் உண்டு. அந்தச் செய்தி வந்தால் வீட்டில் மின்தடை என்று நிலையம் கொள்கிறது; செய்தி ஏதுமின்றி ஒளி நின்றால் இழைமேல் சந்தேகம் விழுகிறது. பெட்டியை அணைத்து வைத்துவிட்டு ‘நெட் வரல’ என்று புகார் சொல்பவர், நிலையத்தில் இருப்பவரின் கண்ணையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார். முதலில் விளக்குகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பிறகு ஒரு முறை அணைத்துச் சில நிமிடம் பொறுத்துப் போடுவதே சரி. பத்து முறை அணைத்துப் போடுவதால் பதினோராவது முறை ஒளி வந்துவிடாது. பெட்டியின் பின்னாலுள்ள சிறு துளைக்குள் ஊசியை விட்டு அழுத்துவதோ இன்னும் விபரீதம்: ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ரீசெட் செய்தால் இணைப்புப் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்து, சின்னப் பழுது பெரும்பழுதாகும்.

வீட்டுக்குள் தேடும்போது முதல் கேள்வி, எல்லாக் கருவியிலும் வரவில்லையா, ஒன்றில் மட்டும் வரவில்லையா என்பது. ஒன்றில் மட்டும் என்றால் அந்தக் கருவியே சந்தேகத்துக்குரியது. அதன் தேதியும் நேரமும் தவறியிருந்தால்கூடப் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று வங்கித் தளமும் அஞ்சல் தளமும் திறக்க மறுக்கும். அடுத்து, ரூட்டருக்கும் கணினிக்கும் நடுவே ஒரு லேன் கம்பியைச் செருகிப் பார்க்க வேண்டும். கம்பியில் வந்து வைஃபையில் வராவிட்டால் குற்றவாளி காற்றுவழிதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து ரூட்டர்களோடு முட்டிக்கொள்ளும். அதில் ஒன்றன்மேல் ஒன்று விழாத தடங்கள் என்று வழக்கமாகக் கொள்ளப்படுபவை 1, 6, 11 என்ற மூன்றே. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். மாடி வீட்டுக்கு ஒரே ரூட்டரை வாசல் பக்கத்து மூலையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு நிறுவனத்தைத் திட்டுவதில் நியாயமில்லை. கருவியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் அதற்கு முகவரி தரவில்லை, கருவி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அறியலாம். 192.168 என்று தொடங்கும் முகவரி இருந்தால் ரூட்டர் வரையிலான பாதை பெரும்பாலும் சரி.

ரூட்டர் வரை சரி, விளக்குகளும் பச்சை, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்ற நிலையில் பார்க்க வேண்டியது டிஎன்எஸ். தளத்தின் பெயரைச் சொன்னால் அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தரும் ஏற்பாடு அது. 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் என்ற சோதனைச் செய்தியை அனுப்பிப் பதில் வந்து, பெயரால் அழைத்தால் மட்டும் பதில் வராவிட்டால், இணைப்பு உயிரோடு இருக்கிறது, பெயர் தேடும் இடத்தில்தான் தடை. ரூட்டரில் வேறொரு டிஎன்எஸ் முகவரியைக் கொடுத்துப் பார்க்கலாம். எல்லாக் கருவியிலும் ஒரே ஒரு செயலி மட்டும் வராவிட்டால் பழுது பெரும்பாலும் வீட்டிலும் இல்லை, ஊரிலும் இல்லை. 2021 அக்டோபர் 4 இரவு, இந்திய நேரப்படி 9 மணிக்கு மேல், ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அவற்றை நடத்தும் நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டிக்க, அதன் டிஎன்எஸ் வழங்கிகளுக்குப் போகும் வழியே இணைய வரைபடத்திலிருந்து மறைந்துபோனது. வாட்ஸ்அப்பே இணையம் என்றிருக்கும் வீட்டில் அன்றிரவு ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டிருந்தாலும் பயனில்லை. வேறொரு செய்தித் தளத்தைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெளிந்திருக்கும். கடலடிக் கம்பி அறுந்தால் பொதுவாகத் தெரிவது வேறு மாதிரியான அறிகுறி. 2008 ஜனவரி இறுதியில் அலெக்சாந்திரியா அருகே கம்பிகள் அறுந்தபோது இந்தியாவின் மேற்குத் திசைத் தொடர்பு பெரிதும் நெரிந்தது. அடியோடு நிற்பதைவிட வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் நத்தையாவதுதான் அப்போது வழக்கம்.

சிவப்பு விளக்கு எரியும் பழுதுகள் வேறு வகை. அவற்றின் காரணங்கள் தெருவில் கிடக்கின்றன. வீட்டுக்கு வரும் மெல்லிய கறுப்புக் கம்பி பெரும்பாலும் கம்பம் விட்டுக் கம்பம் தாவி வருகிறது. ஆடிக் காற்றில் மரக்கிளை உரசும், அணில் கடிக்கும், உயரமாகச் சுமையேற்றிய லாரி இழுத்துக்கொண்டு போகும். பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் சாலையைத் தோண்டும் பொக்லைன், மண்ணுக்குள் போகும் இழையை அறுக்கும். தோண்டுபவரும் கம்பி பதித்தவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு ஒரு செயலியைத் தொடங்கியது. முழுதாக அறாமல் கூர்மையாக மடங்கினாலும் இழையிலிருந்து ஒளி கசியும். ஒரு மூல இழை பிரிப்பான் வழியாக 32 வீடுகளுக்குப் போகும்போது, பிரிவதிலேயே 15 டெசிபலுக்கு மேல் குறைந்துவிடுகிறது. வீட்டுப் பெட்டிக்கு வரும் ஒளி மைனஸ் 27 டிபிஎம் அளவுக்கு இறங்கினால் இணைப்பு தள்ளாடத் தொடங்கும். இந்த அளவைப் பல பெட்டிகள் 192.168.1.1 என்ற பக்கத்திலேயே காட்டுகின்றன. பிரிப்பான் இருப்பதால் இன்னொரு சாட்சியும் கிடைக்கிறது: அதே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டிலும் வரவில்லையென்றால் பழுது பிரிப்பானுக்கு மேலே, நம் வீட்டில் மட்டும் என்றால் பெரும்பாலும் நம் வாசலுக்கும் கம்பத்துக்கும் நடுவே. கழற்றிய இழையின் முனையை மட்டும் கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது. 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாதே தவிர, அங்கே இல்லாமல் இல்லை.

மின்சாரம் தனிக் கதை. பிரிப்பானுக்கு மின்சாரம் தேவையில்லை. வீட்டுப் பெட்டிக்குச் சிறு யுபிஎஸ் இருந்தால் கரண்ட் போனாலும் நெட் நிற்க வேண்டியதில்லை. அப்படியும் நிற்கிறதென்றால் உள்ளூர்க் கேபிள்காரரின் அறையிலோ இடைநிலைப் பெட்டியிலோ மின்கலம் இறங்கிவிட்டது என்று ஊகிக்கலாம். இடி மின்னலிலும் இதுபோல் ஒரு நுட்பம் உண்டு. கண்ணாடியில் மின்னல் ஓடாது. ஆனால் இழைக்குத் துணையாக எஃகுக் கம்பி வைத்த கேபிளில் ஓடும், அடாப்டர் வழியாகவும் லேன் கம்பி வழியாகவும் ஏறும். சித்திரை, ஐப்பசி மாதங்களின் மாலை இடியில் பெட்டியின் செருகியைக் கழற்றி வைப்பது வீண் பயமல்ல. 2023 டிசம்பர் 17, 18 போன்ற நாட்களில் இந்தச் சோதனைகள் எதுவும் பொருந்தாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டு, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் ஒருசேரச் சாய்ந்தன. அப்படிப்பட்ட வேளையில் எதுவரை வருகிறது என்ற கேள்விக்கு ஊரே பதில் சொல்லிவிடும்.

மாதாமாதம் பணம் கட்டுபவர் எதற்காகச் சோதனை செய்ய வேண்டும், அது நிறுவனத்தின் கடமையல்லவா என்ற வாதம் நியாயமானது. முதியவர்களிடமும், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பவர்களிடமும் இதை எதிர்பார்ப்பது கொடுமையும்கூட. கடமை நிறுவனத்தினுடையதுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் புகாரின் சொற்கள் யார் வருவார், எதைக் கையில் எடுத்து வருவார் என்பதைத் தீர்மானிக்கின்றன. ‘நெட் வரல’ என்ற புகாருக்கு முதல் பதில் ‘அணைச்சுப் போடுங்க’ என்பதாகவே இருக்கும். ‘காலை 7 மணியிலிருந்து எல்ஓஎஸ் சிவப்பு, அடாப்டர் சரி, பக்கத்து வீட்டிலும் இல்லை’ என்ற புகார் அந்தப் படியைத் தாண்டி, இழையை ஒட்டும் கருவியோடு ஆளை வரவழைக்க வல்லது. சட்டமும் கைகொடுக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அகலப்பட்டைக்கு வகுத்த 2006-ஆம் ஆண்டுத் தர விதிகள், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பழுதுகளை அடுத்த வேலைநாளுக்குள் நீக்க வேண்டும் என்றன. மூன்று வேலைநாளைத் தாண்டினால் கட்டணக் கழிவும் உண்டு என்று சொல்லின. 2024-இல் அந்த விதிகள் ஒருங்கிணைந்த புதிய விதிகளாக மாற்றப்பட்டன. 2012-ஆம் ஆண்டின் புகார் தீர்வு விதிகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் பதிவு எண் தர வேண்டும். தீர்வு திருப்தியில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். கேபிள்காரரின் கைப்பேசிக்கு மட்டும் பேசி முடிக்கும் புகாருக்குப் பெரும்பாலும் இந்த எண் கிடைப்பதில்லை. நாள் கணக்கைக் காட்டிக் கழிவு கேட்க வேண்டிவந்தால், பழுது தொடங்கிய நேரமும் அந்த எண்ணும் கையில் இருக்க வேண்டும்.