கடையின் பெயரும் கைவினையின் பெயரும்

திருநெல்வேலியில், நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, கீழரத வீதியில் ஒரு சிறு அல்வாக் கடை இருக்கிறது. பொழுது சாயும் வேளையில் திறப்பார்கள். அன்று கிண்டியது தீர்ந்ததும் அடைத்துவிடுவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வீதிக்கு மின்சாரம் வந்து சேராத நாட்களில், மங்கலான எண்ணெய் விளக்கின் ஒளியிலேயே அங்கு வியாபாரம் நடந்தது. மின்சாரம் வந்த பின்னரும் ஒற்றை விளக்கோடு நிறுத்திக்கொண்டார்கள். முகப்பில் பெயர்ப் பலகை வைக்கவில்லை. வாங்க வந்தவர்களோ, கேட்பவருக்கு அடையாளம் சொல்லியாக வேண்டும். 'இருட்டுக்கடை' என்றார்கள். கடைக்காரர் சூட்டாத அந்தப் பெயர் இன்று கடல் கடந்தும் வழங்குகிறது.

சிறு முதல் போட்டுத் தொழில் தொடங்கும் நம் இளைஞர்கள் சரக்கைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பே, "என்ன பெயர் வைக்கலாம்?" என்று கேட்டு வருவதுண்டு. அவர்களில் எவரிடமாவது 'இருட்டு' என்ற சொல்லைக் கடைக்கு வைக்கச் சொல்லியிருந்தால் ஏற்றிருப்பார்களா? வியாபாரத்தில் வெளிச்சம் வேண்டாமா என்று நம்மையே திருப்பிக் கேட்டிருப்பார்கள். ஆனால் பொருநைக் கரையில் நிலைத்து நின்ற பெயர்களின் வரலாற்றைப் பார்த்தால், உரிமையாளர் தேர்ந்தெடுத்த பெயரைக் காட்டிலும், வாங்குபவர் வாயில் தானாகப் பிறந்த பெயருக்கே ஆயுள் அதிகமாக இருந்திருக்கிறது.

அல்வாவின் கதையிலேயே இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. அரபு மொழியில் இனிப்பைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது 'ஹல்வா' என்னும் சொல். அதைப் பாரசீகமும் இந்துஸ்தானியும் கடத்திக்கொண்டு வர, திருநெல்வேலியில் சம்பா கோதுமைப் பாலில் கிண்டிக் கொடுத்தவர்கள் வடபுலத்திலிருந்து வந்து குடியேறிய ராஜபுத்திரக் குடும்பத்தார். வடநாட்டில் வணிகரை மரியாதையாக அழைக்கும் 'லாலா' என்னும் சொல் அவர்களோடு வந்தது. நாளடைவில் அது ஆளைக் குறிப்பதை விட்டுக் கடையைக் குறிக்கலாயிற்று. நெல்லைச் சீமையில் 'லாலாக் கடை' என்றால் மிட்டாய்க் கடை, அவ்வளவுதான். கல்லாவில் அமர்ந்திருப்பவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி, அவர் லாலாவே. வந்தவர்களின் பட்டத்தை ஊர் எடுத்துத் தனதாக்கிக் கொண்டது.

இனி, யோசித்துச் சூட்டப்பட்ட பெயர்களைப் பார்ப்போம். பிள்ளைக்கு நற்பெயர் சூட்டுவது தந்தையின் கடமை என்று கருதும் நம் மக்கள், கடையையும் ஒரு பிள்ளையாகவே எண்ணினர். வாப்பாவின் பெயர், பாட்டனாரின் பெயர், மூத்த மகனின் பெயர், புனித நகரங்களின் பெயர் ஆகியவையே பலகைகளை நிறைத்தன. மேலே 786 என்னும் எண். கொழும்பிலும் பினாங்கிலும் ரங்கூனிலும் கடை வைத்தவர்கள் ஊர்ப் பெயரின் முதலெழுத்தையும் தந்தை பெயரின் முதலெழுத்தையும் முன்னே கோத்துக்கொண்டனர். அந்த எழுத்துக்களைப் பார்த்தே இன்ன ஊர், இன்ன குடும்பம் என்று கண்டுகொள்வார்கள். அறிமுகமற்ற சந்தையில் அதுவே நாணயத்திற்குப் பிணை.

பீடித் தொழில் வந்தபோது பெயருக்கு வேறொரு வேலை ஏற்பட்டது. கடை ஓரிடத்தில் நிற்பது; பீடிக் கட்டோ ஊர் ஊராய்ப் போவது. எழுத்தறியாத உழைப்பாளியும் தன் கட்டை இனம் காண வேண்டும். ஆகவே லேபிளின் நிறம், உரிமையாளரின் படம், ஓர் எண், நாவில் எளிதில் புரளும் ஒரு பெயர் என்று அடையாளங்கள் சேர்ந்தன. தொழில் வடக்கேயிருந்து வந்தது. இலையும் மத்திய இந்தியக் காடுகளிலிருந்தே வந்துகொண்டிருக்கிறது. எனவே வடநாட்டு ஓசைக்குத் தனி மதிப்பு இருந்தது போலும். தாமிரபரணிக் கரையில் முக்கூடலில் வளர்ந்த 'சொக்கலால் ராம்சேட்' என்னும் பெயரைச் சற்று உச்சரித்துப் பாருங்கள். 'சொக்க' என்பது நம் தென்பாண்டிச் சொல். 'லால்', 'சேட்' இரண்டும் வடபுலத்து ஒட்டுக்கள். தெற்கும் வடக்கும் ஒரு சிறு காகிதத்தில் கைகோத்து நிற்கின்றன. திருநெல்வேலியிலிருந்தே புறப்பட்ட 'செய்யது பீடி' அப்படி எதையும் ஒட்டிக்கொள்ளவில்லை. நம் வீடுகளில் வழங்கும் பெயரையே லேபிளில் தாங்கிச் சென்றது. (இன்றோ பீடிக் கட்டில் பெயரைவிட எச்சரிக்கைப் படமே பெரிதாக இருக்கிறது. அது வேண்டியதுதான்.)

இங்கு நம் பெரியவர்கள் பலரை உறுத்திய செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கட்டைப் பிரித்தவுடன் லேபிள் தெருவில் விழும், சாக்கடையிலும் விழும். மதிப்புக்குரிய பெயரை அத்தகைய காகிதத்தில் அச்சிடலாமா? தீப்பெட்டியிலும் ஊதுபத்திச் சுருளிலும் புனிதப் பெயர்களை அச்சிட்ட எல்லாச் சமயத்தாருக்கும் இந்தச் சங்கடம் உண்டு. 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம், சமய உணர்வைப் புண்படுத்தக்கூடியவற்றைப் பதிவு செய்யலாகாது என்கிறது. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்னும் பெயரை ஒருவர் தமக்கே உரியதாகக் கோரிய வழக்கில், புனித நூலின் பெயரை எவரும் தம் சரக்கிற்குத் தனியுரிமையாக்கிக் கொள்ள இயலாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருக்குர்ஆன், பைபிள் ஆகியவற்றையும் நீதிமன்றம் சேர்த்தே குறிப்பிட்டது. நம் வீட்டுப் பெரியவர்கள் தெருவில் கிடந்த காகிதத்தை எடுத்துச் சுவரிடுக்கில் செருகி வைத்ததன் பின்னே இருந்த எண்ணம் பிற்காலத்தில் தீர்ப்பாகவே வந்துவிட்டது.

உரிமையாளர் தேர்ந்த பெயர்களில் மிகவும் துணிச்சலானது எதுவென்று கேட்டால், பொருநை கடலில் கலக்கும் திசையில் தூத்துக்குடியைத்தான் காட்டுவோம். 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். அதாவது, ஐந்தில் ஒரு பங்கு. 'சுதேசி' என்று சூட்டியபோது குடும்பத்தையோ ஊரையோ அவர்கள் முன்வைக்கவில்லை. எதிரே நின்ற ஆங்கிலக் கப்பல் கம்பெனிக்கு அந்த ஒரு சொல்லே அறைகூவலாயிற்று. பிரான்சிலிருந்து வாங்கி வந்த கப்பல்களோ 'காலியா' என்றும் 'லாவோ' என்றும் அயற்பெயரோடே மிதந்தன. அவற்றைக் கண்டு யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. 1908-இல் வ.உ.சி. சிறை சென்றார்; 1911-இல் கம்பெனி கலைந்தது. கப்பல்கள் கைமாறின. பெயரை மட்டும் எவராலும் விலைக்கு வாங்க முடியவில்லை.

நிற்க. பெயர் நன்றாக ஓடத் தொடங்கியதும் போலி வருகிறது. இந்தியாவில் வணிகச் சின்னத்தைப் பதிவு செய்ய 1940 வரை தனிச் சட்டம் கிடையாது. இங்கிலாந்தில் 1876-ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே பாஸ் என்னும் மதுபானக் கம்பெனி தன் சிவப்பு முக்கோணத்தைப் பதிந்துவிட்டது. இங்கே நம் வணிகர்கள், 'இந்த மார்க் எங்களுடையது' என்று எழுதிப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொண்டு, பத்திரிகையில் எச்சரிக்கை விளம்பரம் கொடுத்துச் சமாளித்தார்கள். பிற்காலத்தில் நீதிமன்றங்கள் சொன்ன ஒரு நெறி கவனிக்கத்தக்கது. 'அமிர்ததாரா', 'லட்சுமண்தாரா' என்னும் இரு மருந்துப் பெயர்களின் வழக்கில், அரைகுறையாக நினைவில் வைத்திருக்கும் சாதாரண மனிதனின் காதில் இரண்டும் எப்படி ஒலிக்கும் என்பதையே 1962-இல் உச்ச நீதிமன்றம் எடைபோட்டது. பெயர் கண்ணுக்கு மட்டும் உரியதன்று, செவிக்கும் உரியது. 'இருட்டுக்கடை' என்று கேட்டு வரும் வெளியூர்ப் பயணியிடம் அதே ஓசையுள்ள பொட்டலத்தை நீட்டுவோர் பெருகிய பின், ஊர் கொடுத்த பெயரை உரிமையாளர் பதிவு செய்து காக்க வேண்டியதாயிற்று.

போலி வெளியேயிருந்துதான் வரும் என்பதில்லை. தகப்பனார் மறைந்தபின் கடையையும் சரக்கையும் வீட்டையும் மார்க்கம் விதித்த பாகப்படி பிரித்துவிடலாம்; கணக்கு தெளிவாக இருக்கிறது. பெயரை எப்படிப் பிரிப்பது? மூத்தவர் 'அசல்' என்று முன்னால் சேர்ப்பார். இளையவர் 'ஒரிஜினல்' என்பார். சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துபவரைச் சட்டமும் எளிதில் தடுப்பதில்லை. ஒரே வாப்பாவின் பெயர் ஒரே தெருவில் இரு பலகைகளில் தொங்க, இரண்டு பிள்ளைகளும் ஸலாம் சொல்லாமல் கடந்து போவதை நாம் கண்டிருக்கிறோம். உயிருள்ள நாளிலேயே பெயர் யாருக்கு என்று எழுதி வைத்த தந்தையர் குறைவு.

ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டால் இந்தச் சண்டை இல்லையே எனலாம். அதற்கும் ஒரு விலை உண்டு. வெறும் ஊர்ப் பெயரைத் தனியொருவர் தம் சின்னமாக்கிக் கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. 'திருநெல்வேலி அல்வா' என்று எல்லாரும் எழுதலாம். ஊர்ப் பெயரால் ஒரு பொருள் புகழ்பெறும்போது அதைச் செய்த கை மறைந்துபோகிறது. இதற்குப் பத்தமடையைவிடச் சிறந்த சான்றை நாம் அறியோம்.

சேரன்மகாதேவிக்கு அருகே உள்ள அவ்வூருக்குக் கன்னடியன் கால்வாயின் பத்து மடைகளால் அப்பெயர் வந்தது என்பர். ஆற்றங்கரையில் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, மீண்டும் காயவைத்து, இழை இழையாகச் சீவி, பாவு நூலில் ஒவ்வொன்றாகக் குறுக்கே செலுத்தி நெய்கிறார்கள். மிக நுண்ணிய இழையில் நெய்தது பட்டுப்பாய். துணியைப் போல மடித்து வைக்கலாம். ஒரு பாய்க்கு வாரங்கள் ஆகும், மாதமும் ஆகும். நெய்பவர்கள் பெரும்பாலும் நம் லெப்பைக் குடும்பத்தார். அவர்களிலும் பெண்களே மிகுதி.

நம் இல்லத்தில் உம்மாவின் கலியாணப் பாய் ஒன்று உண்டு. நடுவே உம்மாவின் பெயரும் வாப்பாவின் பெயரும் சிவப்பு எழுத்தில் நெய்யப்பட்டிருக்கும். மணமக்கள் பெயரைப் பாயில் நெய்து தருவது பத்தமடையின் நெடுநாள் வழக்கம். எழுத்தின் வளைவு கோரையில் எப்படி வந்தது என்று வியந்து, "இதை நெய்தது யாரும்மா?" என்று சிறு வயதில் கேட்டோம். "பத்தமடை" என்றார்கள். ஆளைக் கேட்டோம் என்று மறுபடி சொன்னதற்கும், "அதான் சொன்னேனே வாப்பா, பத்தமடை" என்பதே விடை. பிறர் பெயரைப் பாயில் எழுதித் தந்தவரின் பெயர் அதில் எந்த ஓரத்திலும் இல்லை.

1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் கீழ்ப் பத்தமடைப் பாய் பதிவு பெற்றுள்ளது. பழைய நெல்லைச் சீமையைச் சேர்ந்த கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் 2020-இல் பதிவு பெற்றது. இச்சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. வணிகச் சின்னத்தை விற்கலாம். ஊர்க் குறியீட்டை விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. அது அங்குள்ள உற்பத்தியாளர் அனைவருக்கும் பொது. அதற்கான பதிவேட்டில் இரு பகுதிகள். ஏ பகுதியில் பொருளின் பெயரும் பதிவு செய்துகொண்ட அமைப்பின் பெயரும் இருக்கும். பி பகுதி, அப்பெயரைப் பயன்படுத்த உரிமை பெற்றவர்களுக்கு உரியது. தனியாக நெய்யும் ஒரு பெண்ணும் தம் பெயரிலேயே அதில் இடம்பெறலாம். போலிப் பாயை எதிர்த்து வழக்காடும் உரிமையும் அதனோடு வருகிறது.

செய்தித்தாள்கள் கொண்டாடியதெல்லாம் முதற்பகுதியைத்தான். கூலிக்கு நெய்து கொடுக்கும் வீடுகளுக்கு இரண்டாம் பகுதி ஒன்று இருப்பதை எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்? பத்தமடை ஜமாஅத்தாரும், அவ்வூரில் படித்து வெளியூர்களில் அலுவல் பார்க்கும் பிள்ளைகளும் ஒரு விடுமுறை நாளில் தறி உள்ள வீடுகளுக்குப் போய் இதைச் செய்து முடிக்கலாம். பதிவேடு சென்னையில் கிண்டியில் இருக்கிறது. 500 ரூபாயாக இருந்த கட்டணம் 2020-இல் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. விண்ணப்பத்தில் எழுத வேண்டியது நெய்பவரின் பெயரை.